வாவியும் வட்டமும்: மனித நடமாட்டத்தின் பௌதிகவியல்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். மனிசர் என்ன துணிக்கைகளா? வாயு மூலக்கூறுக்குக் கல்யாண வீடு இல்லை, வங்கிக் கடன் இல்லை, மைத்துனனோடு கோபதாபம் இல்லை. அதற்கு எழுதிய சமன்பாட்டைக் கொண்டுவந்து களுவாஞ்சிகுடியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஒருவர் மேல் போடலாமா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரலாறு மறுபக்கமாக நடந்திருக்கிறது. பெல்ஜியத்து வானியலாளர் அடொல்ப் கெற்லே 1835 இல் மனிதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார்; அதன் துணைத் தலைப்பிலேயே சமூகப் பௌதிகம் என்ற பெயர் வருகிறது. பிறப்பு, இறப்பு, திருமணம், குற்றம் ஆகியவற்றின் தொகைகள் வருடாவருடம் பெரிதாக மாறாமல் வருவதை அதில் எடுத்துக் காட்டினார். இந்த வருடம் யார் யார் கல்யாணம் செய்வார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. எத்தனை கல்யாணம் நடக்கும் என்பதை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இளவயதில் கெற்லேயின் வேலை பற்றிய ஒரு நீண்ட மதிப்புரையைப் படித்திருந்தார். பின்னர் 1860 இல், வாயுவின் மூலக்கூறுகள் என்னென்ன வேகத்தில் பரந்திருக்கும் என்பதற்கு அதே மாதிரியான தர்க்கத்தால் விடை கண்டார். 1873 இல் பிராட்போர்டில் பேசியபோது, குடிசனக் கணக்கு எடுப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறையையே பௌதிகவியலாளர் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆக, மனிதரை எண்ணிப் பழகிய முறைதான் மூலக்கூறுக்குப் போனது. இன்று அது வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. போன இடத்தில் நிறையக் கணிதம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

அந்தக் கணிதத்தின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியொரு துணிக்கையைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, கூட்டத்தின் பரம்பலைக் கேட்பதே புள்ளிவிபரப் பௌதிகவியல். சாதாரண நிலையில் ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் 2 க்குப் பின் 19 பூச்சியம் போட்டாலும் போதாத அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. அதனால் அங்கே சராசரி என்பது கல்லில் எழுதியதுபோல் நிற்கும். மட்டக்களப்பு மாவட்டத்திலோ 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து இலட்சம் பேருக்குச் சற்று மேல்தான். இங்கே கிடைக்கும் விதிகள் அவ்வளவு கூராக இருக்கமாட்டா. இதை மறந்துவிட்டு, சமன்பாடு கிடைத்தவுடன் துள்ளிக் குதிக்கிற பௌதிகவியலாளர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களை நம்பவேண்டியதில்லை.

அடுத்தது எழுமாற்று நடை. 1905 இல் கார்ல் பியர்சன் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். ஒருவன் ஓரிடத்திலிருந்து நேர்கோட்டில் கொஞ்சத் தூரம் நடக்கிறான், பிறகு ஏதோவொரு திசைக்குத் திரும்பி அதேயளவு நடக்கிறான், இப்படியே பலமுறை. கடைசியில் அவன் எங்கே நிற்பான்? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது நுளம்பு. மலேரியாவை நுளம்பு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் றொஸ், ஒரு குளத்தைத் தூர்த்துவிட்டால் சுற்றுவட்டாரத்து நுளம்பு எவ்வளவு காலத்தில் திரும்பவும் வந்து நிரம்பும் என்பதை அறிய விரும்பினார். அதற்காகத்தான் பியர்சனை நாடினார். அதே வருடம், இதோடு தொடர்பில்லாமல், அல்பேட் ஐன்ஸ்டைன் நீரில் மிதக்கும் மகரந்தத் துணுக்குகள் போன்றவற்றின் தள்ளாட்டத்துக்கு விளக்கம் எழுதினார். இருவழியிலும் வந்த விடை ஒன்றே: நூறு அடி எடுத்து வைத்தவர் சராசரியாகப் பத்து அடி தூரத்தில்தான் இருப்பார். தூரம், அடிகளின் வர்க்கமூலத்தின்படியே வளரும். இருமடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். வெறிகாரன் ஒருவனைத் தேடுவதானால் அவன் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் தேடுவதே நல்லது என்று பியர்சன் வேடிக்கையாகவும் எழுதினார்.

மனிதர் இப்படித்தான் திரிகிறார்களா? நெடுங்காலம் இதைச் சோதிக்க வழி இருக்கவில்லை. 2006 இல் டேர்க் புறொக்மன், லார்ஸ் ஹுப்நாகல், தியோ கைசல் என்ற மூவர் ஓர் உபாயம் கண்டார்கள். அமெரிக்காவில் டொலர் நோட்டின் இலக்கத்தை இணையத்தில் பதிந்து, அது அடுத்து எங்கே தலைகாட்டுகிறது என்று பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பதிவுகளிலிருந்து 4,64,670 நோட்டுகளின் பயணத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான நோட்டுகள் பக்கத்திலேயே சுற்றின. ஆனால் ஒரு சில, எழுமாற்று நடை ஒருபோதும் அனுமதிக்காத தூரத்துக்கு ஒரே தாவலில் போயிருந்தன. தாவலின் நீளம் கூடக்கூட அதன் நிகழ்தகவு குறைகிறது. ஆனால் மெதுவாக, ஏறத்தாழ நீளத்தின் 1.59 ஆம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைகிறது. இத்தகைய நடைக்கு பிரெஞ்சுக் கணிதர் போல் லெவியின் பெயரை வைத்திருக்கிறார்கள்: நிறையச் சிறு அசைவு, இடையிடையே நெடுந்தாவல். பெரு நாட்டுக் கடலில் நெத்தலி பிடிக்கும் கப்பல்களின் பாதையிலும் இதே சாயலைக் கண்டார்கள். மீன் கூட்டம் கூட்டமாக, இடைவெளி விட்டு இருக்கும்போது தேடுகிறவரின் அசைவும் அப்படியே ஆகிவிடுகிறது. இங்கே பூநொச்சிமுனையிலோ வாழைச்சேனையிலோ கடலுக்குப் போகிறவருக்கு இதில் புதினம் ஒன்றும் இராது.

ஆனால் நோட்டு மனிதர் இல்லை. அது கைமாறிக் கைமாறிப் போகும். இரவில் வீட்டுக்கு வராது. 2008 இல் மார்ட்டா கொன்சாலெஸ், செசார் இடால்கோ, ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி மூவரும் ஒரு இலட்சம் கைத்தொலைபேசிப் பாவனையாளரின் ஆறு மாதப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ந்தபோதுதான் இந்த வேறுபாடு தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆரை இருக்கிறது. சிலருக்கு மூன்று கிலோமீற்றர், சிலருக்கு முந்நூறு. அந்த ஆரைக்குள் அவர் போன இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறார். ஒவ்வொருவரின் வரைபடத்தையும் அவரவர் ஆரையால் வகுத்துப் பார்த்தால், எல்லாருடைய வரைபடமும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. என் கணிப்பில் இந்தத் துறை கண்ட மிக அழகான முடிவு இதுதான். கொழும்புக்குக் கிழமைதோறும் போய்வருகிற வியாபாரிக்கும், வளவை விட்டுச் சந்தைக்கு மட்டும் போகிற மூதாட்டிக்கும் அளவுகோல் வேறு, உருவம் ஒன்று.

இந்தத் திரும்பி வருதலைச் சாவோமிங் சொங்கும் கூட்டாளிகளும் 2010 இல் ஒரு சூத்திரத்தில் அடக்கினார்கள். ஒருவர் அடுத்த முறை புறப்படும்போது புதிய இடத்துக்குப் போவாரா, பழைய இடத்துக்கா? ஏற்கனவே போன இடங்களின் தொகை கூடக்கூடப் புதிய இடத்துக்கான வாய்ப்பு குறைகிறது. அவர்களுடைய எண்களை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒரேயொரு இடம் தெரிந்தவர் புதிய இடத்துக்குப் போகும் நிகழ்தகவு 60 வீதம். பத்து இடம் தெரிந்தவருக்கு 37 வீதம். நூறு இடம் தெரிந்தவருக்கு 23 வீதம். மிச்சமெல்லாம் பழைய இடங்கள்தான். அவற்றிலும் அடிக்கடி போன இடத்துக்கே மீண்டும் போவது அதிகம்.

அதே குழு அதே வருடம் இன்னொரு முடிவையும் வெளியிட்டது. பத்திரிகைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன: மனித நடமாட்டத்தில் 93 வீதம் எதிர்வுகூறத்தக்கது! இதைத் தவறாக விளங்கிக்கொள்வது இலேசு. யாரோ உங்களை 93 வீதம் சரியாக எதிர்வுகூறிவிட்டார் என்று அர்த்தமில்லை. உங்கள் பழைய நடமாட்டத்தின் ஒழுங்கின்மையை அளக்கும் எந்திரோப்பியைக் கணித்து, எவ்வளவு கெட்டிக்காரக் கணிப்புமுறை வந்தாலும் இதற்கு மேல் போகமுடியாது என்று ஓர் உச்ச எல்லை வரைந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு கைத்தொலைபேசிக் கோபுரத்தின் எல்லையளவு பருமனான இடத்தில், ஒரு மணித்தியால இடைவெளியில். தெருவளவுக்கு இறங்கினால் அந்த வீதம் குறையும்.

இதுவரை தனிமனிதர். இனி ஊருக்கும் ஊருக்கும் இடையிலான போக்குவரத்துக்கு வருவோம். இங்கேதான் நம்முடைய வாவி குறுக்கே வருகிறது.

1885 இல் ரேவன்ஸ்டைன் என்பவர் பிரித்தானியக் குடிசன மதிப்பீடுகளை வைத்து இடப்பெயர்வின் விதிகளை எழுதினார். பெரும்பாலானோர் கிட்டிய தூரத்துக்கே பெயர்கிறார்கள் என்பது அவற்றில் முதன்மையானது. 1946 இல் ஜோர்ஜ் சிப், இரண்டு நகரங்களுக்கு இடையிலான போக்குவரத்து அவற்றின் சனத்தொகைகளின் பெருக்கத்துக்கு நேர்விகிதமாகவும் தூரத்துக்கு நேர்மாறாகவும் இருக்கும் என்றார். நியூட்டனின் ஈர்ப்பு விதியின் சாயல் இருப்பதால் இதை ஈர்ப்பு மாதிரி என்கிறார்கள். வீதி போடுகிறவர்கள், பஸ் விடுகிறவர்கள் எல்லாரும் இன்றுவரை ஏதோவொரு வடிவத்தில் இதைத்தான் பாவிக்கிறார்கள். இதில் ஒரு குறை உண்டு. தூரத்துக்கு எந்த அடுக்குப் போடுவது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் தரவு பார்த்துத்தான் பொருத்தவேண்டும்.

2012 இல் பிலிப்போ சிமினி, கொன்சாலெஸ், அமோஸ் மரிற்றான், பராபாசி நால்வரும் தூரத்தைச் சூத்திரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1940 இல் சாமுவேல் ஸ்ரௌபர் என்ற சமூகவியலாளர் சொன்ன யோசனைதான் அடிப்படை: மனிதரை நிறுத்துவது தூரம் இல்லை, வழியில் இருக்கிற வாய்ப்புகள். வேலை தேடிப் புறப்படுகிறவரை, ஒரு மூலத்திலிருந்து வெளியேறும் கதிர்த் துணிக்கையாகக் கொள்ளுங்கள். தான் எதிர்பார்க்கும் தரத்துக்கு மேற்பட்ட வேலை எந்த ஊரில் முதலில் கிடைக்கிறதோ, அங்கே அவர் உறிஞ்சப்படுகிறார். இதுதான் கதிர்வீச்சு மாதிரி. அவ்வளவுதான். ஒரு கற்பனைக் கணக்கு. 2,000 பேர் உள்ள கிராமம், 10,000 பேர் உள்ள பட்டினம், இடையில் ஒன்றுமில்லை. கிராமத்திலிருந்து வெளியே போகிறவர்களில் 83 வீதம் அந்தப் பட்டினத்துக்குப் போவார்கள் என்கிறது சூத்திரம். இப்போது அதே தூரத்துக்குள், சுற்றிவர வேறு ஊர்களில் 20,000 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 83 வீதம் 3 வீதமாக இறங்கிவிடும். பட்டினம் அங்கேயேதான் இருக்கிறது, தூரம் மாறவில்லை.

அந்த ‘சுற்றிவர’ என்பதை எப்படி அளக்கிறார்கள்? கிராமத்தை மையமாக வைத்து, பட்டினத்தைத் தொடும்படி ஒரு வட்டம் வரைவார்கள். வட்டத்துக்குள் இருக்கும் சனத்தொகையைக் கூட்டுவார்கள். அமெரிக்காவின் சமவெளிகளில் இது நன்றாக வேலை செய்கிறது.

குருக்கள்மடத்தில் கவராயத்தின் கூரை வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். பாதி வட்டம் வாவிக்கு அப்பால் போய் விழும். அம்பிளாந்துறை அதற்குள் அகப்படும். கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற ஊர். ஆனால் அங்கே போவதற்கு, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் கடக்கவேண்டும். பாதை ஓடாத நேரத்தில், கடும் காற்றில், மாரி வெள்ளத்தில் அம்பிளாந்துறை தூரத்து ஊர். குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் இதே கதைதான். வவுணதீவுப் பக்கம் வலையிறவுப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம், நகரத்தில் 1924 இல் கட்டிய கல்லடிப் பழைய பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும், இடையில் 2014 இல் திறந்த மண்முனைப் பாலம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவியைச் சனம் கடப்பது இப்படியான சில இடங்களில்தான். மற்ற இடமெல்லாம், துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவனுக்கும் தோணி வைத்திருக்கிறவனுக்கும் மட்டும் திறந்த கதவு.

ஆகவே இந்தப் பிரதேசத்தில் வட்டம் வட்டமாக இராது. அதை நேரத்தால் வரையவேண்டும்: அரை மணித்தியாலத்தில் எங்கெங்கே போகலாம்? அப்படி வரைந்தால் எழுவான்கரை ஊர்களின் வட்டம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீதியோடு நீண்ட ஒரு பட்டையாகிவிடும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களின் கோலம் அதுதான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வரைந்தால் அது வயல்வெளிகளில் அகன்று விரியும். ஆனால் ஆட்கள் குறைவு. மண்முனைப் பாலம் திறந்த அன்று கொக்கட்டிச்சோலையின் வட்டத்துக்குள் ஆரையம்பதியும் காத்தான்குடியின் கடைத்தெருவும் ஒரே நாளில் வந்து விழுந்தன. சனத்தொகை மாறவில்லை, மண்ணின் பரப்பு மாறவில்லை, இடைப்பட்ட வாய்ப்புகளின் தொகை மாறிவிட்டது. இப்படியான இடத்தில் சூத்திரம் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லும்: பாலம் இரு பக்கமும் வேலை செய்யும். வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் போகிறவருக்கு அது நன்மை. உள்ளூரில் சில்லறைக் கடை வைத்திருந்தவருக்குப் போட்டி. பாலம் கேட்டு மனுக் கொடுக்கும்போது இந்த இரண்டாவது பாதியை யாரும் எழுதுவதில்லை.

பருவத்துக்கும் இதில் பங்குண்டு. வீடு எழுவான்கரையில், வட்டை படுவான்கரையில் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. மாரி வெள்ளாமைக் காலத்தில் ஆண்கள் வாடியில் தங்கிவிடுவார்கள். அவர்களுடைய ஆரை சில மாதம் நீளும், சில மாதம் சுருங்கும். வருடச் சராசரியை மட்டும் எடுத்தால் இரண்டுமே மறைந்துவிடும்.

கோயிலுக்கும் ஒரு விதி இருக்கிறது. 2021 இல் மார்க்குஸ் ஷ்லேப்பரும் கூட்டாளிகளும், பொஸ்ரன், சிங்கப்பூர், லிஸ்பன், டக்கார் முதலிய நகரங்களின் தரவிலிருந்து கண்டது: ஓரிடத்துக்கு வருகிறவர்களின் செறிவு, தூரத்தையும் குறித்த காலத்தில் வரும் தடவைகளையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறானது. ஐந்து கிலோமீற்றரிலிருந்து மாதம் நாலுமுறை வருகிறவர்களும், இருபது கிலோமீற்றரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர்களும் ஒரே செறிவில் இருப்பார்கள். மாமாங்கேஸ்வரருக்கு வெள்ளிக்கிழமைகளில் வருகிற கூட்டத்துக்கு இது பொருந்தலாம். ஆடி அமாவாசைக்குப் பொருந்தாது. கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் பொருந்தாது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாக வந்து, மட்டக்களப்பைத் தாண்டி, உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் போகிறவர்களை எந்தச் சூத்திரத்தில் போடுவது? நேர்த்திக்கடன் வைத்தவருக்குத் தூரம் கூடுவதுதான் பெறுமதி. இங்கே பௌதிகவியல் மரியாதையாக ஒதுங்கி நிற்கவேண்டும்.

அடுத்ததாகக் கல்யாணம். இந்தியாவில் குடிசன மதிப்பீடு எடுக்கும்போதெல்லாம், பெண்கள் இடம்பெயர்வதற்கான முதற்காரணமாக வருவது திருமணம். பிறந்த ஊரை விட்டுக் கணவன் ஊருக்குப் போவது. அந்தத் தரவில் பொருத்திய மாதிரியை இங்கே கொண்டுவந்தால் அம்பு தலைகீழாகத் திரும்பும். மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்று வரையிலான கரையிலும், தமிழரிலும் முஸ்லிம்களிலும், வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் பல வருடம் ஆராய்ந்து 2008 இல் பெரிய நூலாகவே தந்திருக்கிறார். தாயின் வளவைச் சுற்றி மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு என்று எழும்பும். அதனால் இங்கே ஆணின் வரைபடத்தில்தான் இரண்டு நங்கூரம் இருக்கும்: மனைவி வீடு ஒன்று, தாய் வீடு ஒன்று. வேறிடங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண், இங்கே ஏற்கனவே அங்கேதான் இருக்கிறாள். சொங்கின் ‘பழைய இடத்துக்குத் திரும்புதல்’ என்ற விதி பொய்க்கவில்லை. யார் எங்கே திரும்புகிறார் என்பதை நிர்ணயிப்பது சொத்துரிமை. சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகளைக் ‘குடும்பத் தலைவர்’ என்று சொல்லி ஆண் பெயரில் எழுதியபோது எழுந்த சிக்கல், எழுதியவர்கள் இந்த அம்பின் திசையை அறியாததால் வந்தது.

சுனாமி என்று சொல்லிவிட்டேன். பேரிடரில் மனிதர் சிதறி ஓடுவார்கள், எந்த ஒழுங்கும் இராது என்றுதான் நினைப்போம். 2010 சனவரியில் ஹெய்ற்றியில் பூமி நடுங்கியது. அதற்கு முன்னும் பின்னுமான 19 இலட்சம் கைத்தொலைபேசிகளின் பதிவுகளைச் சின் லூ, லீனஸ் பெங்ற்சன், பீற்றர் ஹோல்ம் மூவரும் ஆராய்ந்து 2012 இல் எழுதினார்கள். நிலநடுக்கத்துக்கு 19 நாட்களின் பின் தலைநகரின் சனத்தொகை ஏறத்தாழ 23 வீதம் குறைந்திருந்தது. போனவர்கள் எங்கே போனார்கள்? முந்திய நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் எங்கே போயிருந்தார்களோ, பெரும்பாலும் அங்கே. உறவினர் வீட்டுக்கு. நடமாட்டத்தின் எதிர்வுகூறத்தக்க தன்மை குறையவே இல்லை.

இந்த முடிவை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1978 நவம்பர் சூறாவளி, 1990 போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, பின்னர் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் வெளியேறி, மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் ஒரு இலட்சத்தைத் தாண்டிய 2006–07. ஒவ்வொரு முறையும் முதலில் பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம். அடுத்து மச்சான் வீடு, பெரியம்மா வீடு. நிவாரண அரிசி எந்த ஊருக்கு எத்தனை மூட்டை என்று தீர்மானிக்கிறவருக்கு, வருடப்பிறப்புக்கும் பெருநாளுக்கும் யார் எங்கே போகிறார்கள் என்ற கணக்கு முன்கூட்டியே இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்! நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்ந்தவர்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். உயிர்ப் பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் மீனவரின் வீடுதான் நகர்ந்தது, கடல் நகரவில்லை. புதிய குடியிருப்புக்கு இடம் தேடும்போது, ஒருவர் கிழமைக்கு எத்தனை முறை எங்கே திரும்பிப் போகவேண்டியிருக்கும் என்ற ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்க்கலாம்.

போர்க்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈர்ப்பு மாதிரி, அடுத்தடுத்த ஊர்களுக்கிடையில் போக்குவரத்து மிகுந்திருக்கும் என்கிறது. இந்தக் கரையில் பக்கத்து ஊருக்கு ஒருவரும் போகாத காலங்கள் இருந்தன. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே ஒரு ஒழுங்கைதான். ஆனால் சுற்றுப்பாதையில் போனார்கள். 2007 வரை வாவியின் இரு கரையும் பெரும்பாலும் இருவேறு கட்டுப்பாட்டில் இருந்தன; துறைகள் சோதனைச் சாவடிகளாயின. மாதிரி எதிர்வுகூறும் எண்ணுக்கும் உண்மையில் போன எண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தை எச்சம் என்கிறோம். மாணவர்கள் எச்சம் சிறிதாக வந்தால் சந்தோஷப்படுவார்கள். நான் பெரிய எச்சத்தைத்தான் தேடச் சொல்வேன். பயம் எங்கே இருக்கிறது, பஸ் எங்கே இல்லை, நிலம் எங்கே பிடிபட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் கிடக்கும். விதி எல்லா ஊருக்கும் பொது. எச்சம் அந்தந்த ஊருக்கே சொந்தம்.

தரவுக்கு எங்கே போவது? இலங்கையில் கைத்தொலைபேசிப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராயும் வேலையைக் கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா நிறுவனம் செய்திருக்கிறது. பகலில் கொழும்பு நகருக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று காட்டியது; டெங்கு பரவலுக்கும் நடமாட்டத்துக்கும் உள்ள தொடர்பையும் மொறட்டுவப் பல்கலைக்கழகத்தாரோடு ஆராய்ந்தது. கென்யாவில் 2012 இல் ஏமி வெசொலொவ்ஸ்கியின் குழு ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பாவனையாளரின் பதிவுகளைக் கொண்டு, விக்ரோரியா ஏரிப் பக்கத்திலிருந்து நைரோபிக்கு மலேரியா எப்படிப் போகிறது என்று கண்டது. றொஸ் நுளம்பைப் பற்றிக் கேட்ட கேள்வி, நூறு வருடம் கழித்து நுளம்பைவிடத் தூரம் போகிற மனிதரைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார அமைப்பின் சான்றிதழ் பெற்ற இலங்கைக்கு, வெளியிலிருந்து வருகிறவரின் நடமாட்டம் முக்கியமான சங்கதி.

ஆனால் கொழும்பு முறையை வாவிக் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தண்ணீர் மனிதரைத் தடுக்கும். ரேடியோ அலையைத் தடுக்காது. மரமும் கட்டடமும் இல்லாத நீர்ப்பரப்பில் அலை தாராளமாகப் போகும். எழுவான்கரையில் திண்ணையில் இருந்து பேசுகிறவரின் அழைப்பை அக்கரைக் கோபுரம் எடுத்தால், பதிவில் அவர் வாவியைக் கடந்தவராகிவிடுவார். இந்த வாவியில் எது கடப்பு, எது அலையின் விளையாட்டு என்று பிரிக்க, பதிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது; துறையில் ஓர் ஆள் நிற்கவேண்டும்.

அதைவிடப் பெரிய தடை நம்பிக்கை. 2013 இல் இவ்-அலெக்சாண்டர் டி மொண்ட்ஜோய் குழு 15 இலட்சம் பேரின் பெயர் நீக்கிய பதிவுகளை எடுத்தது. ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளி தெரிந்தால், 95 வீதமானோரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்று காட்டியது. பெயரை அழித்தால் போதும் என்பது பொய். சொங்கின் விதிதான் இங்கே எமக்கு எதிராகத் திரும்புகிறது: திரும்பிப் போகிறவரைக் கண்டுபிடிப்பது இலேசு. பாஸ் எடுத்துப் பிரயாணம் செய்த, குடும்ப விபரம் பதிந்த தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. “ஆராய்ச்சிக்குத்தான்” என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க உரிமையும் உண்டு. தனியாள் பதிவு எவர் கைக்கும் போகக்கூடாது, ஊருக்கும் ஊருக்கும் இடையிலான கூட்டுத்தொகை மட்டுமே வெளிவரவேண்டும், அந்தத் தொகை அந்த ஊர்ச் சனத்துக்கும் தெரியவேண்டும் என்பது என் நிலைப்பாடு. மூன்றாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கம்பனிகளின் தரவுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ரேவன்ஸ்டைனிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. காரைதீவில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலாநந்தர் யாழ் நரம்புகளைக் கணக்கால் அளந்து 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தபோது அவரிடமும் கணினி இருக்கவில்லை. வாவியைக் கடக்க இருப்பது ஒரு சில பாலமும் சில துறைகளும் மட்டும். பௌதிகவியலாளர் பலர் கனவு காண்கிற ஆய்வுகூடம் இது: போவது வருவது எல்லாம் எண்ணத்தக்க சில வாசல்களால்தான்.

பின்வரிசையில் இருக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களிடம் கேட்கிறேன். உங்கள் கணிதப் பிரிவு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளாமை வெட்டும் காலத்தில் ஒரு கிழமை, வயல் ஓய்ந்த காலத்தில் ஒரு கிழமை. கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களிலும், அம்பிளாந்துறை, மண்டூர்த் துறைகளிலும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை முறைவைத்து நின்று எண்ணுங்கள். கிடைத்த தொகையை ஈர்ப்பு மாதிரியிலும் கதிர்வீச்சு மாதிரியிலும் போட்டுப் பாருங்கள். வட்டத்தை ஒருமுறை கிலோமீற்றரிலும் ஒருமுறை நிமிடத்திலும் வரையுங்கள். எச்சம் எங்கே பெரிதாக இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பிரதேச செயலகத்திலும், கோயில், பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். எண்ணுகிற தாளில் யாருடைய பெயரையும் எழுதவேண்டாம், எவரையும் பின்தொடரவேண்டாம். எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் குறித்தால் போதும்.